வெட்டும் ஆண்டைக் குறித்துவிட்டு நட வேண்டிய மரம்

1891ஆம் ஆண்டு கோடையில் பிரெஞ்சு ஓவியர் கிளாத் மொனே, தான் வசித்த ஜிவேர்னிக்கு அருகே எப்த் ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பாப்லர் மரங்களை வரைந்துகொண்டிருந்தார். வேலை பாதியில் இருக்கும்போதே ஒரு சிக்கல் வந்தது. மரங்கள் லிமேட்ஸ் என்ற கிராமத்துக்குச் சொந்தம். வெட்டும் பருவம் வந்துவிட்டது என்று ஊரார் அவற்றை ஏலத்துக்கு விட்டார்கள். மொனே ஒரு மர வியாபாரியைப் பிடித்து ஏற்பாடு செய்துகொண்டார். வியாபாரி கொடுக்க நினைத்த விலைக்கு மேல் ஏலம் போனால் அந்த வித்தியாசத்தை ஓவியர் தருவார். பதிலுக்கு, அவர் வரைந்து முடிக்கும்வரை மரத்தில் கோடாரி படக் கூடாது. அப்படித்தான் நடந்தது. ஓவியங்கள் முடிந்தன, மரங்கள் சாய்ந்தன, மறு ஆண்டு பாரிஸில் கண்காட்சியும் நடந்தது. கலை விமர்சகர்கள் இந்தக் கதையை ஓவியரின் பிடிவாதத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். மரம் நடுவோர் இதில் பார்க்க வேண்டியது லிமேட்ஸ் ஊராரை. வானத்தை நோக்கி வரிசையாக உயர்ந்து நிற்கும் அந்த அழகை அவர்கள் ஒருநாள் விற்பதற்காகவே நட்டிருந்தார்கள், விற்கும் நாள் வந்ததும் தயங்கவுமில்லை. பாப்லரை, அதிலும் தூண்போல் வளரும் பாப்லரை, சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான். அதைப் பயிராக நட்ட இடங்களிலெல்லாம் அது மனிதருக்கு உழைத்திருக்கிறது. கோயில் அரசமரம்போல என்றைக்கும் நிற்கும் என்று நம்பி நட்ட இடங்களில் பெரும்பாலும் தொல்லையில் முடிந்திருக்கிறது.

முதலில் மரத்தின் உருவத்தைப் பார்த்துவிடலாம். தூண் பாப்லர்களில் உலகப் புகழ் பெற்றது லொம்பார்டி பாப்லர். கரும் பாப்லர் என்ற ஐரோப்பிய இனத்தில் தோன்றிய ஒரு தனி வகை அது. தாவரவியலார் ‘பாப்புலஸ் நைக்ரா இத்தாலிக்கா’ என்பார்கள். 70 முதல் 100 அடி உயரம் போகும், ஆனால் அகலம் பத்துப் பதினைந்து அடியைத் தாண்டுவது அரிது. கிளைகள் தண்டிலிருந்து பிரிந்த உடனேயே மேல்நோக்கித் திரும்பி, தண்டை ஒட்டியே ஏறும். நம் ஊர் அலுவலக வளாகங்களில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கமும் தூண் மரம்தான். ஆனால் அதன் கிளைகள் கீழ்நோக்கித் தொங்குபவை, பாப்லருடையவை நேர் எதிர். இலை முக்கோணமும் சாய்சதுரமும் கலந்த வடிவம். காம்பு பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால் லேசான காற்றுக்கே இலை படபடக்கும். அரசிலையின் சலசலப்பைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. பூவரசுக்கு அறிவியல் பெயர் வைத்தவர்கள் பாப்லர் இலையின் சாயலைக் கண்டே ‘பாப்புல்னியா’ என்று சேர்த்தார்கள். சாயல் அவ்வளவுதான். தமிழ்நாட்டுச் சமவெளியில் பாப்லரை வளர்க்க நினைப்பது வீண். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழுந்தால்தான் அதன் மொட்டுகள் ஒழுங்காக விரியும். அந்தக் குளிர் இங்கே கிடையாது.

லொம்பார்டி பாப்லரைப் பற்றி மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான செய்தி, அது ஒரே மரம் என்பது. வட இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியில் பதினேழாம் அல்லது பதினெட்டாம் நூற்றாண்டில், குறுகிய கோணத்தில் கிளைவிடும் ஓர் ஆண் மரம் தற்செயலாகக் கிடைத்தது. அதன் போத்துகளை வெட்டி நட்டார்கள், அந்தப் போத்து மரமான பிறகு அதிலிருந்து மேலும் போத்துகள். முருங்கையையும் கிளுவையையும் நாம் பெருக்குவதும் இந்த வழியில்தான். குளிர்காலத்தில் விரல் பருமனுள்ள ஓராண்டுக் கிளையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒரு மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி ஈரமண்ணில் செருகினால் போதும், வசந்தத்தில் வேர் பிடித்துவிடும். ஆண் மரம் என்பதால் விதை கிடையாது. போத்தைத் தவிர அதற்கு வேறு வழியே இல்லை. ஆக பிரான்ஸின் கால்வாய்க் கரையில் நிற்பதும் சிலேயின் பண்ணையில் நிற்பதும் நியூசிலாந்தின் ஓடையோரம் நிற்பதும் மரபணு அளவில் கிட்டத்தட்ட ஒரே உயிர். ஒரே மரபணுவுள்ள உயிர் வெவ்வேறு தட்பவெப்பத்துக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதை ஆராயும் விஞ்ஞானிகள், பல நாடுகளில் பரவி நிற்கும் இந்த மரத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது வசதி. நடுகிறவருக்கு என்ன பொருள் என்றால், ஒரு மரத்துக்கு வரும் நோய் எல்லா மரத்துக்கும் வரும்.

போத்து நட்டாலே போதும் என்பதும், ஆண்டுக்கு நான்கைந்து அடி உயரும் என்பதும் சேர்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த மரத்தை ஒரு மோகமாக்கின. பிரான்ஸில் கால்வாய்க் கரைகளில் வரிசையாக ஏறியது. டூரின் நகரில் ஆங்கிலத் தூதராக இருந்த ரோச்ஃபர்ட் பிரபு 1758-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1784-ல் வில்லியம் ஹாமில்டன் என்ற செல்வந்தர் வழியாக அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வேர்விட்டது. தத்துவஞானி ரூசோ 1778-ல் இறந்தபோது அவரைப் புதைத்தது எர்மனோன்வில் பூங்காவின் ஏரி நடுவே, பாப்லர்கள் சூழ்ந்த ஒரு சிறு தீவில். அந்தக் காட்சி ஐரோப்பா முழுவதும் அச்சுப் படங்களாகப் பரவியது. அதைப் பார்த்துத் தங்கள் தோட்டத்திலும் பாப்லர் தீவு அமைத்துக்கொண்ட பிரபுக்கள் உண்டு. அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் 1803-ல் புதிய தலைநகரின் பென்சில்வேனியா அவென்யூவில் லொம்பார்டி பாப்லரை வரிசை வரிசையாக நடச் செய்தார். சேறும் வெட்டவெளியுமாகக் கிடந்த சாலைக்குச் சில ஆண்டுகளிலேயே ஒரு கம்பீரம் வந்தது. விரைவில் அழகு வேண்டும் என்ற அவசரத்தில் நட்டவர்கள் யாரும், இது எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

விடையை மரங்களே சொல்லின. பென்சில்வேனியா அவென்யூ பாப்லர்கள் சில பத்தாண்டுகளில் போய், அந்த இடத்தில் வேறு மரங்கள் வந்தன. எர்மனோன்வில் தீவில் இன்று நிற்பவை ரூசோ காலத்து மரங்கள் அல்ல. ஐரோப்பாவின் நல்ல ஆற்றங்கரை மண்ணில் ஐம்பது, அறுபது ஆண்டு தாக்குப்பிடிக்கும் இந்த மரம், வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் பதினைந்து, இருபது ஆண்டிலேயே நலிந்துவிடுகிறது. காரணம் பெரும்பாலும் தண்டையும் கிளையையும் தாக்கும் பூஞ்சைச் சொறி நோய். பட்டையில் ஓரிடம் நிறம் மாறி உள்வாங்கும். மழைக்குப் பிறகு அங்கே ஊசிமுனை அளவு புள்ளிகளிலிருந்து ஆரஞ்சு நிற நூல்போல ஏதோ பிதுங்கி நிற்கும். அவை பூஞ்சையின் வித்துத்திரள். புண் கிளையைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேல் உள்ள பகுதி காய்ந்துபோகும். விரிந்த மரமாக இருந்தால் காய்ந்த கிளையை அறுத்து எறிந்துவிட்டு மறக்கலாம். தூண் மரத்தில் அது முடியாது. கிளைகள் ஒன்றையொன்று நெருக்கி ஏறுவதால் உள்ளே வெயிலும் காற்றும் குறைவு, பட்ட கிளை கீழே விழாமல் உள்ளேயே சிக்கி நிற்கும், நோயும் பக்கத்துக் கிளைக்கு எளிதில் தாவும். அறுத்தெடுத்தாலும் அந்தத் தூணில் விழும் ஓட்டை அடைவதில்லை. எந்த வடிவத்துக்காக இதை நடுகிறோமோ, நோய் வந்தபின் இதைக் காப்பாற்ற முடியாமல் செய்வதும் அந்த வடிவம்தான். இவ்வளவுக்கும் மருந்தடித்து நிறுத்தக்கூடிய நோயும் அல்ல இது.

ஒரே போத்தின் பிள்ளைகளை ஊரெல்லாம் நிறுத்துவதில் உள்ள ஆபத்து லொம்பார்டி பாப்லரோடு நிற்பதில்லை. 1970களின் தொடக்கத்தில் பாப்லர் துரு நோய் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்து, 1973-ல் நியூசிலாந்தை எட்டியது. சரிவு நிலங்களில் மண் அரிப்பைத் தடுக்க அங்கே ஏராளமாக நட்டிருந்த பாப்லர்கள் கோடையிலேயே இலையுதிர்த்து நின்றன. நோய் தாங்கும் புது வகைகளைத் தேடி அந்த நாடு ஓர் ஆராய்ச்சித் திட்டமே தொடங்க வேண்டியதாயிற்று. சீனாவில் இழப்பு இன்னும் பெரிது. 1978-ல் தொடங்கிய வடபகுதிப் பசுமை அரண் திட்டத்தில் மணற்காற்றைத் தடுக்கக் கண்ணுக்கெட்டிய தூரம் பாப்லராக நட்டார்கள். அதைத் தின்று பெருகியது நீள்கொம்பு வண்டு. நிங்சியா பகுதியில் மட்டுமே கோடிக்கணக்கான மரங்களை வெட்டி எறிய நேர்ந்தது. அந்த வண்டு மரப்பெட்டிகளுக்குள் ஒளிந்து கடல் கடந்து, 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் தென்பட்டு, அங்குள்ள மேப்பிள் மரங்களுக்கு எமனாக ஆனது தனிக்கதை. லொம்பார்டிக்கு மாற்றாக நர்சரிகள் இப்போது முன்வைப்பது ஸ்வீடனின் காடுகளில் கிடைத்த ஒடிசலான தூண் ஆஸ்பென் மரத்தை. சொறி நோயை அது நன்றாகத் தாங்குகிறது என்பது உண்மை. ஆனால் அதுவும் போத்தும் திசு வளர்ப்புமாகப் பெருக்கிய ஒற்றை மரம்தான். வட அமெரிக்காவில் அதற்கும் இலை வெண்கல நிறமாகி உதிரும் ஒரு நோய் தொற்றிக்கொண்டது. ஆக ஆள் மாறினாலும் கணக்கு மாறவில்லை.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், அப்படியானால் இந்த மரத்தையே நடாமல் விட்டால் என்ன என்று கேட்பது நியாயம். அதற்கு அர்ஜென்டினாவைக் காட்டலாம். படகோனியாவின் வடபகுதியில் உள்ள ரியோ நெக்ரோ ஆற்றின் மேல்பள்ளத்தாக்கு, மழை குறைந்து காற்று மிகுந்த நிலம். அங்கே கால்வாய் வெட்டி ஆப்பிளும் பேரிக்காயும் விளைவிக்கிறார்கள். காற்றில் பூவும் பிஞ்சும் உதிராமல் காப்பவை தோட்டத்தைச் சுற்றிச் சதுரம் சதுரமாக நிற்கும் பாப்லர் வரிசைகள். காற்றைத் தடுக்கச் செங்கல் சுவர் நல்லதல்ல. மேலே ஏறித் தாண்டும் காற்று மறுபக்கம் சுழன்று இறங்கிச் சேதம் செய்யும். பாதியளவு காற்றை ஊடுருவ விட்டு அதன் வேகத்தைக் குறைக்கும் தடுப்பே மேல். இலையோடு நிற்கும் தூண் பாப்லர் வரிசை அப்படிப்பட்டது. அதன் உயரத்தைப் போலப் பத்து முதல் இருபது மடங்கு தூரம்வரை காற்றின் வேகம் தணிகிறது. விரிந்து வளரும் மரமாக இருந்தால் நிழல் விழும் அகலம் முழுவதும் பயிருக்கு நட்டம்; தூண் மரம் ஒரு பாத்தி அகலத்துக்கு மேல் இடம் கேட்பதில்லை. வயதான வரிசையை அறுத்தால் அதுவே பழப்பெட்டி. பாப்லர் கட்டை வைரம் பாயாதது. காய்ந்தபின் கன மீட்டருக்கு 400 கிலோ அளவில்தான் இருக்கும், தேக்கு 650-ஐ நெருங்கும். வாசனை கிடையாது, ஆணி அடித்தால் பிளக்காது. பிரான்ஸில் கமம்பேர் பாலாடைக்கட்டியைப் பாப்லர் சீவலில் செய்த வட்டப்பெட்டியில் அடைப்பது அதனால்தான். நிலைக்கதவு செய்ய லாயக்கில்லாத மரம், பண்டத்தைப் பொதிய இதைவிட நல்ல மரம் இல்லை.

லடாக்கில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவு; நம் ஊரில் ஓர் ஐப்பசி இரவில் கொட்டிவிடும் மழை அது. காடு என்பதே கிடையாது. ஆனால் வீட்டுக்குக் கூரை வேண்டுமே. பனி உருகி வரும் நீரை வாய்க்காலில் திருப்பி, அதன் கரையோரம் பாப்லரும் வில்லோவும் நட்டு, அந்த மக்கள் தங்கள் உத்திரங்களை வளர்த்துக்கொள்கிறார்கள். பழைய லடாக்கி வீட்டின் அறைக்குள் நின்று மேலே பார்த்தால் இரண்டு மரத்தின் வேலையும் பிரிந்து தெரியும். சுவருக்குச் சுவர் நீளும் உருண்டையான, பட்டை உரித்த பாப்லர் உத்திரங்கள். அவற்றுக்குக் குறுக்கே இடைவெளியில்லாமல் அடுக்கிய வில்லோக் குச்சிகள். அதற்கு மேல் புல்லும் செடியும், எல்லாவற்றுக்கும் மேலே மிதித்து இறுக்கிய களிமண். நேராகவும் கணுக்குறைவாகவும் வளரும் மரம் இருந்தால்தான் இந்த அமைப்பு நடக்கும். அங்கே பாப்லரை நெருக்கமாக நடுவது நிலம் குறைவு என்பதால் மட்டுமல்ல. நெருக்கத்தில் மரம் வெளிச்சம் தேடி நேராக ஏறும் என்பதற்காகவும்தான். ஆடும் மாடும் பட்டையைக் கடித்துவிடாமல் இளம் தண்டில் சாக்கைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். எந்த மரம் எப்போது உத்திரமாகப் போகிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். துருக்கிக் கிராமங்களில் பிள்ளை பிறந்ததும் பாப்லர் நட்டு, கல்யாணச் செலவுக்கு வெட்டும் பழக்கம் இருந்ததும் இதே மனப்போக்குதான்.

காஷ்மீர் பள்ளத்தாக்கு அலங்காரம், பயிர் ஆகிய இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாரமுல்லாவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் சாலையின் இருமருங்கும் உயர்ந்து நின்ற பாப்லர் வரிசையை அந்நாளையப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். அங்கே அது அலங்கார மரம். அதே பள்ளத்தாக்கின் விவசாயிக்கு அது வரப்போர வங்கி. இந்தியாவின் ஆப்பிளில் பெரும்பங்கு காஷ்மீரில் விளைகிறது. அட்டைப்பெட்டி பரவும்வரை அந்த ஆப்பிள் தில்லிக்கும் சென்னைக்கும் வந்தது பாப்லர் பலகைப் பெட்டியில். இப்போதும் பிளைவுட் ஆலைகள் வாங்குகின்றன. புல்வாமா மாவட்டத்தின் உக்கூ கிராமத்தைப் பென்சில் கிராமம் என்கிறார்கள். பாப்லர் கட்டையைச் சிறு துண்டாக அறுத்து, உலர்த்தி, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டைகளாகச் சீவி, மற்ற மாநிலங்களின் பென்சில் ஆலைகளுக்கு அனுப்புவது அந்த ஊரின் தொழில். அப்படி வரும் இரண்டு பட்டைகளில் குழி கீறி, கரிக்குச்சியை நடுவில் வைத்து ஒட்டிச் சீவினால் பென்சில். கோவில்பட்டியிலோ கும்பகோணத்திலோ ஒரு குழந்தை துருவும் பென்சிலின் சுருளில் காஷ்மீர் பாப்லர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பதமான ஈரமும் சீரான இழையும் கொண்ட இளமரம்தான் இதற்குத் தேவை. கிழமரத்தால் பயனில்லை.

அந்தக் காஷ்மீரிலிருந்துதான் பாப்லர் மீதான மிகப் பரபரப்பான குற்றச்சாட்டும் வந்தது. மே மாதம் வந்தால் ஸ்ரீநகரில் பஞ்சு பறக்கும். தெருவில் உருளும், டீக்கடைக் கோப்பையில் விழும், மூக்கில் ஏறும். தும்மலுக்கும் இருமலுக்கும் இதுவே காரணம் என்று மக்கள் நம்பினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், பஞ்சு விடும் மரங்களை வெட்ட உத்தரவும் வந்தது. 2020-ல் கொரோனா பரவியபோது மாவட்ட நிர்வாகங்கள் மறுபடி கோடாரியை எடுத்தன. ஆனால் பறப்பது மகரந்தம் அல்ல. விதையைச் சுமந்து செல்லும் இழை அது, மூச்சுக்குழாய்க்குள் போகும் அளவுக்கு நுண்ணியதும் அல்ல. ஒவ்வாமை தருவது ஆண் மரத்தின் பூச்சரம் வெளியிடும் மகரந்தம். அது பஞ்சுக்குப் பல வாரம் முன்பே, கண்ணுக்குத் தெரியாமல் வந்துபோய்விடும். பஞ்சு பறக்கிற அதே மே மாதத்தில் புல்வகைகளின் மகரந்தமும் காற்றில் நிறைந்திருக்கிறது. கண்ணில் படுவது பஞ்சு என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. பஞ்சு விடுவதும் லொம்பார்டி அல்ல. 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கொண்டுவந்து நட்ட அமெரிக்கப் பாப்லரின் பெண் மரங்கள் அவை. அமெரிக்க மரத்துக்கு அங்கே வழங்கும் பெயர் ரஷ்யப் பாப்லர் என்பது இந்த வழக்கின் மொத்தக் குழப்பத்துக்கும் பொருத்தம்தான்.

இதில் பாப்லர் தரப்பை முழுக்க நியாயப்படுத்திவிடவும் முடியாது. ஆண் மரத்தை மட்டுமே நடுங்கள் என்று அறிவுரை சொல்லி ஊரெல்லாம் நட்டால் பஞ்சு குறையும், மகரந்தம் கூடும். தூண் மரமெல்லாம் ஆண் என்பதும் சரியல்ல. மத்திய ஆசியாவில் பரவலாகக் காணும் வெளிறிய பட்டை கொண்ட ஆஃப்கன் தூண் பாப்லர் பெண் மரம். அது பஞ்சு விடும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, நெருங்கிய குடியிருப்பு ஆகியவற்றின் ஓரம் எந்தப் பாப்லரும் நூற்றுக்கணக்கில் வேண்டாம் என்பதே நேர்மையான பதில். காஷ்மீரில் நடந்த தவறு பெண் மரத்தை நட்டது மட்டுமல்ல. முற்றியதும் வெட்ட வேண்டிய மரத்தைச் சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் நிறுத்தி, வெட்டும் பொறுப்பை யார் தலையிலும் வைக்காமல் விட்டது. பாப்லர் பூத்துக் காய்க்கக் குறிப்பிட்ட வயது ஆக வேண்டும். வட இந்தியச் சமவெளியின் விவசாயி அதற்கு முன்பே அறுவடையை முடித்துவிடுகிறார்.

அந்தச் சமவெளிக் கதையில் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் வரும். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பேட்டைக்கே பெயர் கொடுத்த விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி, குச்சிக்கு மரம் தேடி, 1980களில் நபார்டு வங்கியின் துணையோடு உத்தரப் பிரதேசம், பஞ்சாப், ஹரியானா விவசாயிகளிடம் பாப்லர் கன்றுகளைக் கொண்டுசேர்த்தது. இது தூண் வகை அல்ல, அமெரிக்கப் பாப்லர்தான். ஆனாலும் பாடம் ஒன்றே. 5 மீட்டருக்கு 4 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 200 மரம். குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நிற்கும், அந்த மாதங்களில்தான் கீழே கோதுமை. வெயிலுக்கு இரண்டும் போட்டியிடுவதில்லை. ஆறிலிருந்து எட்டு ஆண்டில் வெட்டு. மரம் யமுனாநகரின் பிளைவுட் ஆலைகளுக்குப் போகிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டு ஒரே சமயத்தில் வெட்டியதால் 2000களின் தொடக்கத்தில் விலை சரிந்து பலர் நொந்துபோனதும் உண்டு. பயிர் என்றால் சந்தையின் ஏற்ற இறக்கமும் கூடவே வரும். ஆனால் அந்த நட்டத்தை அடுத்த நடவில் சரிசெய்ய முடிந்தது. அவென்யூ மரம் பட்டுப்போனால் அப்படிச் சரிசெய்ய இன்னொரு தலைமுறை வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் நட நினைப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. பாப்லர், வில்லோக் குடும்பத்து மரம். தண்ணீர் இருக்கும் இடத்தை அதன் வேர் தேடிப் போய்விடும். நல்ல நிலையில் உள்ள குழாயை அது உடைக்காது, ஆனால் இணைப்பில் சிறு கசிவு இருந்தால் நூல்போல நுழைந்து சில ஆண்டில் குழாயையே அடைத்துவிடும். களிமண் நிலத்தில் பிரச்சினை இன்னும் ஆழமானது. கோடையில் மரம் உறிஞ்ச உறிஞ்சக் களிமண் சுருங்கும், மேலே உள்ள அஸ்திவாரம் இறங்கும். 1976-ன் பெருவறட்சியில் இங்கிலாந்தின் தென்பகுதியில் சுவர் விரிசல் கண்ட வீடுகளுக்கு ஏராளமான இழப்பீட்டுக் கோரிக்கைகள் எழுந்தன. பாப்லரும் ஓக்கும் வில்லோவும் அப்போது கட்டடப் பொறியாளர்களின் கறுப்புப் பட்டியலில் ஏறின. களிமண் பூமியில் மரம் எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு தூரமாவது கட்டடத்திலிருந்து தள்ளி நட வேண்டும். குறுகிய மரம்தானே, மதிலோரம் செருகிவிடலாம் என்ற நினைப்புதான் பலரை மாட்டிவிடுகிறது. தூண் வடிவம் மண்ணுக்கு மேலேதான், கீழே அது எல்லா மரத்தையும்போலப் பரந்து விரிகிறது.

புவி வெப்பம் ஏறும் காலத்தில் மரத்தை வெட்டுவதற்கென்றே நடச் சொல்வது சரியா என்பது எடை மிக்க ஆட்சேபம். பென்சிலாகவும் பழப்பெட்டியாகவும் போகும் பாப்லர் தான் இழுத்த கரியை வெகுநாள் பிடித்து வைத்திருக்காது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். லடாக் உத்திரம் பல பத்தாண்டு வைத்திருக்கும், பிளைவுட் அதைவிடக் குறைவு. ஆனால் வெட்டாமல் விட்ட தூண் பாப்லரும் கரிக்கிடங்காக நிற்பதில்லை. நோய்ப்பட்டு, உளுத்து, ஒரு புயல் நாளில் கார் மேலோ மின்கம்பி மேலோ விழுந்து, அவசர அவசரமாக விறகாகிறது. நீண்ட ஆயுள் வேண்டுமென்றால் அதற்கான மரங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஓக்கிலும் ஹார்ன்பீமிலும் தூண் வடிவ வகைகள் உண்டு. பாப்லரின் வேகம் அவற்றுக்குக் கிடையாது, ஆனால் நூறாண்டு நிற்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நெடுங்கால மரங்களை உரிய இடைவெளியில் நட்டு, நடுநடுவே பாப்லரைப் போட்டால், முதல் பதினைந்து ஆண்டு மறைப்பையும் காற்றுத்தடுப்பையும் பாப்லர் பார்த்துக்கொள்ளும். மெதுவாக வளர்வது தலையெடுத்ததும் பாப்லர் விலகிக்கொள்ளலாம். விலகும் நாளில் அதை வெட்ட மனம் வராமல் விட்டுவிடுவதுதான் இந்த முறையில் வழக்கமாக நடக்கும் பிழை.

அதனால் நடுகிறபோதே வெட்டும் ஆண்டைத் தோட்டக் கணக்கில் எழுதி வைப்பது நல்லது. இடத்தைப் பொறுத்து அது பதினைந்தாகவும் இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். கரைபுரளும் நீரோ தேங்கும் நீரோ இல்லாத, ஆனால் ஈரம் வற்றாத மண் வேண்டும். தாகத்தில் தவிக்கும் மரத்தைத்தான் சொறி நோய் முதலில் தேடி வரும். புல்வெட்டும் இயந்திரம் தண்டை உரசினால் அந்தக் காயமே நோய்க்கு வாசல். ஒரே வகையில் நூறு மரம் நடுவதைவிட மூன்று நான்கு வகைகளைக் கலந்து நடுவது மேல்; வரிசை கொஞ்சம் ஒழுங்கற்றுத் தெரிந்தால் தெரியட்டும். நீண்ட வரிசையாக இருந்தால் அதைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியை வெட்டி மறுநடவு செய்து அது ஆளுயரம் தாண்டிய பிறகே அடுத்த பகுதியில் கை வைக்க வேண்டும்; அப்போது காற்றுக்கும் கண்ணுக்கும் இடைவெளி விழாது. வெட்டிய அடிமரத்தின் வேர்களிலிருந்து சில ஆண்டுக்குக் கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும், அவற்றைச் சலிக்காமல் வெட்டி எடுக்க ஆள் வேண்டும். மறுநடவுக்கான போத்தைக் கடையில் வாங்கத் தேவையில்லை, வெட்டப்போகிற மரத்தின் ஓராண்டுக் கிளைகளே போதும். பட்டையில் ஆரஞ்சு நூல் கண்ட மரத்திலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது.